38 நாள் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கலாமா? பாட்டிக்கு என்ன பதில் சொல்வது?

மருதாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் பிரசவம். பெண் குழந்தை, இன்றோடு 38 நாள் நிறைகிறது. கோவில்பட்டிக்கு அருகே தாய்வீட்டில் இருக்கிறேன். சென்ற மூன்று வாரங்களாக, மாலையில் விளக்கு வைக்கும் நேரம் தொடங்கி இரவு ஒன்பது, ஒன்பதரை வரை குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு முகம் சிவக்க அழுகிறாள். மற்ற நேரங்களில் நன்றாகப் பால் குடிக்கிறாள். நாளொன்றுக்கு ஏழெட்டு முறை சிறுநீர் கழிக்கிறாள். பிறந்தபோது 2 கிலோ 900 கிராம் இருந்த எடை, சென்ற வாரம் 3 கிலோ 700 கிராம். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அந்தப் பதில் போதவில்லை. சுக்கு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றைச் சோற்று உலையில் போட்டு வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். வசம்பை மட்டும் விளக்கெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டிக் கரியாகச் சுட்டிருக்கிறார். இவை ஒவ்வொன்றையும் கல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டு இழைப்பு இழைத்து, சங்கில் வழித்து உரைமருந்தாக ஊற்ற வேண்டும் என்கிறார். அந்தக் கல்லின் நடுவில் ஒரு குழி விழுந்திருக்கிறது. "உன் அம்மாவும் நீயும் இந்தக் குழியில் வளர்ந்தவர்கள்தான்" என்று அவர் சொல்லும்போது என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அம்மா இருவருக்கும் நடுவில் நின்று தவிக்கிறார்.

என் கேள்விகள் இரண்டு. இதனால் உண்மையில் தீங்கு உண்டா? உண்டு என்றால், 76 வயதுப் பாட்டியின் மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது?

உரைகல் எழுதியது:

நான்கு பேரக்குழந்தைகளுக்கு என் கையால் உரைமருந்து கொடுத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் 'பேர் சொல்லா மருந்து' என்றும் சொல்வோம். பிள்ளை இருக்கும் வீட்டில் அது இல்லாமல் இருக்காது.

இதை ஏதோ கண்மூடித்தனமான பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இழைப்புக்குக் கணக்கு உண்டு. கடுக்காய் ஒரு சுற்று கூடினால் குழந்தைக்கு வயிறு போகும். மாசிக்காய் கூடினால் மலம் கட்டிவிடும். சாதிக்காய் கூடினால் குழந்தை மயங்கினாற்போல் தூங்கும். அதனால்தான் கை பழகியவர்கள் மட்டும் இழைக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வெந்நீரில் கல்லைக் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் தொடுவோம். வாரத்தில் ஒரு நாள், தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் மட்டும் கொடுப்போம். நாள்தோறும் கொடுப்பதில்லை.

மகளே, உன் பாட்டியை ஒதுக்கிவிடாதே. அழும் குழந்தையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர் அவர்தானே?

ஊர்ச்செவிலி எழுதியது:

விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் 34 ஆண்டுகள் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உரைகல் அம்மா எழுதியதை மதிப்போடு படித்தேன். என் பதிலை அவருடைய சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். சாதிக்காய் ஒரு சுற்று கூடினால் குழந்தை மயங்கித் தூங்கும் என்கிறார். அது முழு உண்மை. சாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் பெரியவர்களையே நிலைகுலைய வைக்கும். நான்கு கிலோகூட நிறையாத உடலில் ஒரு சுற்றுக்கும் இரண்டு சுற்றுக்கும் இடையே மருந்துக்கும் மயக்கத்துக்கும் உள்ள தூரம் இருக்கிறது என்றால், அந்தத் தூரத்தைக் காப்பது ஒரு பாட்டியின் கைப்பழக்கம் மட்டும்தான் என்று ஆகிறது. காய் பெரிதாக இருக்கலாம், கல் புதிதாகச் சொரசொரப்பாக இருக்கலாம், இழைப்பவர் அன்று வேறு ஒருவராக இருக்கலாம்.

அழுகை நின்று தூங்கிவிட்ட குழந்தையைக் கண்டு வீடே நிம்மதி அடையும். ஆனால் பசி எடுத்தும் எழாமல் தூங்கும் குழந்தை பால் குடிக்காது. அப்படி ஒரு நாள் முழுவதும் சரியாகக் குடிக்காமல், உதடு வறண்டு, மடியில் துவண்டு கிடந்த ஒன்றரை மாதக் குழந்தையை நானே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பிழைத்துக்கொண்டது. அந்த வீட்டிலும் கல் சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது மருதாணியின் குழந்தைக்கு வருவோம். எடை ஏறியிருக்கிறது, சிறுநீர் போகிறது, அழுகை மாலையில் மட்டும் வருகிறது. இந்த வகை அழுகை இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். உங்கள் குழந்தை சரியாக அந்த உச்சத்தில்தான் இருக்கிறாள். அதனால் இந்த வாரம் எதைக் கொடுத்தாலும், அடுத்த சில வாரங்களில் அழுகை குறையத்தான் போகிறது. கொடுத்த பொருளுக்குப் பெயர் கிடைக்கத்தான் போகிறது. உரைமருந்து, ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், மந்திரித்த கயிறு எல்லாமே இந்த ஒரே வழியில்தான் புகழ் பெற்றன என்பது என் அனுபவம்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்துகள் மட்டுமே விதிவிலக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் எட்டு முறை மலம் கழித்தாலும் இயல்பு. ஒரு மாதம் கடந்த பிறகு ஐந்தாறு நாள் போகாமல் இருந்து பின்பு இளக்கமாகப் போனாலும் இயல்பு. அதற்காக விளக்கெண்ணெய் புகட்ட வேண்டாம். தேனை ஒரு வயது நிறையும்வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை 1976இல் கண்டறிந்தார்கள். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.

அழும்போது தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் எடுங்கள். வெறும் மார்போடு அணைத்துக்கொண்டு நடங்கள். பால் குடிக்கும்போது காம்பு மட்டும் அல்லாமல் கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வேப்பங்கொழுந்து எழுதியது:

எங்கள் தலைமுறை முழுவதும் உரைமருந்து குடித்துத்தான் வளர்ந்தது. எங்களுக்கு என்ன ஆகிவிட்டது? இயற்கையான பொருள் ஒன்றைச் சொன்னால் உடனே ஆபத்து என்கிறார்கள்; புட்டியில் அடைத்து வருவதை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கி ஊற்றுகிறார்கள். நம் மண்ணின் மருத்துவத்தை நாமே இழிவுபடுத்தக் கூடாது என்பது என் கருத்து.

கணக்கன் எழுதியது:

ஐயா, இரட்டைக் குழந்தைகளின் தகப்பன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். 1971ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்துபோயின. 2020இல் அந்த எண் 28 ஆகவும், தமிழ்நாட்டில் 13 ஆகவும் குறைந்தது. அந்த 129 பேரும் உரைமருந்தால் இறந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு, நிமோனியா, குறைப்பிரசவம், தொற்று என்று காரணங்கள் பல. ஆனால் "எங்களுக்கு என்ன ஆகிவிட்டது" என்று கேட்க உயிரோடு இருப்பவர்களால் மட்டும்தான் முடியும். என் அப்பத்தாவுக்குப் பிறந்தவர்கள் ஒன்பது பேர். தங்கியவர்கள் ஐந்து பேர். மற்ற நால்வரையும் பற்றிக் கேட்டால், கைக்குழந்தைக்கு நோய் கண்டதைச் சொல்லும் 'சீர் தட்டியது' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்.

புட்டியில் வருவதைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தது. சதகுப்பை எண்ணெய், சமையல் சோடா, சர்க்கரை ஆகியவற்றோடு சாராயமும் அதில் இருந்தது. பல பத்தாண்டுகளாகக் குழந்தைகள் அமைதியானதற்கு எது காரணமாக இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இன்றைய புட்டிகளில் சாராயம் இல்லை என்பதற்காக அது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேவையான பொருளாக ஆகிவிடாது. எங்கள் தெருவில் காலையில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, சங்களவு பாலைக் கண்ணெதிரே கறந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். காய்ச்சாத அந்தப் பாலுக்கும் இதே பதில்தான். இயற்கையா, செயற்கையா என்று பிரித்துப் பார்ப்பதே இங்கே உதவாது. யார் வாய்க்குள், எந்த வயதில், எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி.

சித்தர்வழி எழுதியது:

நான் சித்த மருத்துவப் பட்டம் பெற்று மருத்துவம் பார்ப்பவன். என் துறையின் மீது எனக்குள்ள பற்று இங்குள்ள யாருக்கும் குறைந்ததன்று. அதனால்தான் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசின் மகப்பேறு சஞ்சீவித் திட்டத்தில் கருவுற்ற மாதங்களுக்கும் பேறுகாலத்துக்குமாக 11 சித்த மருந்துகள் சேர்க்கப்பட்டன. மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம், கறிவேப்பிலைப் பொடி, ஏலாதி சூரணம், குந்திரிகத் தைலம், சௌபாக்கிய சுண்டி லேகியம், சதாவரி லேகியம், பிண்டத் தைலம் ஆகியவை அவற்றுள் அடங்கும். குழந்தைக்கு இழைத்துக் கொடுக்கும் உரை மாத்திரையும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பட்டியலைச் சற்று நின்று பாருங்கள்: ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் தாய்க்கு உரியவை. லேகியமும் சூரணமும் ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள, செரிக்கும் வயிறும் கழிக்கும் சிறுநீரகமும் முழுமையாக வளர்ந்த ஒரு பெண்ணுக்குப் போகின்றன. உரைமருந்து, கல்லீரல் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் ஒரு சிசுவுக்குப் போகிறது. இரண்டையும் 'சித்த மருந்து' என்ற ஒரே பெயரால் அழைத்து, ஒன்றுக்கு உள்ள நற்பெயரை மற்றொன்றுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

வசம்பைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டு வசம்பில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் மிகுதி. வசம்பு எண்ணெய் எலிகளுக்குப் புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதைக் கண்டு, அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். எலிக்கு நாள்தோறும் கொடுத்த எண்ணெயும், சுட்டுக் கரியாக்கிய வசம்பில் ஓர் இழைப்பும் ஒன்றல்ல என்று என் நண்பர்கள் வாதிடுவார்கள். வாதம் சரிதான், சுடுவதே நஞ்சை நீக்கும் ஒரு சுத்தி முறைதான். ஆனால் எவ்வளவு சுட்டால் எவ்வளவு போகும் என்பதை வீட்டு விளக்கின் சுடர் அளந்து சொல்லாது. எனவே ஆறு மாதத்துக்கு முன் என்னிடம் வரும் எந்தக் குழந்தைக்கும் நான் உரைமருந்து எழுதுவதில்லை. அதற்குப் பிறகும், நோய் என்று ஒன்று இருந்தால் மட்டும், அளவோடு எழுதுவேன்.

நாட்டுமருந்துக் கடையில் பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் குழந்தைக்கென்று தரும் மாத்திரைகளை மட்டும் எந்த வயதிலும் வாங்காதீர்கள். சித்த மருத்துவத்தில் லிங்கமும் இரசமும் சேரும் மாத்திரைகள் உண்டு. இரண்டும் பாதரசம் சார்ந்தவை. தயாரித்தவர் யார், உரிம எண் என்ன, தயாரித்த நாள் எது என்பவை அச்சிடப்படாத மருந்தை மருத்துவனாகிய நானே தொடமாட்டேன்.

இன்னொன்று. லேகியம் சாப்பிடுகிறோம், முருங்கைக்கீரை சாப்பிடுகிறோம் என்பதற்காக அரசு மருத்துவமனையில் தரும் சிவப்பு மாத்திரையை நிறுத்தும் தாய்மார்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அந்த ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கருவுற்ற காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்பது கணக்கு. கீரையில் உள்ள இரும்பில் உடல் ஏற்றுக்கொள்வது சிறு பகுதிதான். கீரை வேண்டும், ஆனால் அது மாத்திரையின் இடத்துக்கு வந்துவிடாது. மாத்திரையைக் காப்பி, தேநீர், பாலோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்வாசி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் உரைமருந்தை விடப் பிள்ளை பெற்ற தாய்க்கான சரக்குக் கறிதான் பெரிய விடயம். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்து, நிறைய உள்ளி போட்டு, சின்ன மீனோடு காய்ச்சுவார்கள். என் அம்மம்மா அந்தக் கறி வைத்தால் படலையில் நிற்பவருக்கே பசி வந்துவிடும். இதில் தாய்க்கும் பிள்ளைக்கும் நன்மையே தவிரத் தீமை இல்லை.

ஆனால் அதே அம்மம்மா எனக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார். வயிறு பெருத்துவிடும் என்பது அவருடைய பயம். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்த மருத்துவ மாது என் வறண்ட உதட்டைப் பார்த்துவிட்டு, அம்மம்மாவை அருகில் இருத்தி, "பால் எதிலிருந்து வருகிறது, அம்மா?" என்று மட்டும் கேட்டார். அம்மம்மா எழுந்து போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மருதாணி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் என் பதில்: நீங்கள் சொல்லாதீர்கள், வீட்டுக்கு வரும் செவிலியரைச் சொல்லச் சொல்லுங்கள். பேத்தி சொன்னால் அது எதிர்ப்பேச்சு ஆகிவிடும்.

உரைகல் எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். சாதிக்காயைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னதையே செவிலியர் அம்மா எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார். வருத்தம்தான், ஆனாலும் பொய் என்று சொல்ல முடியவில்லை. என் மூன்றாவது பேரன் ஒரு முறை நெடுநேரம் எழாமல் கிடந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்று நாங்கள் அதைத் திருஷ்டி என்றுதான் நினைத்தோம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மருந்தும் கூடாது, பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனையும் வைக்கக் கூடாது, பிள்ளைக்கு வசம்புப் பொட்டும் கூடாது என்றால், பாட்டி என்று ஒருத்தி அந்த வீட்டில் எதற்காக இருக்கிறாள்?

ஊர்ச்செவிலி எழுதியது:

அம்மா, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று பணிக்காலம் முழுவதும் காத்திருந்தேன். நாங்கள் கூடாது, கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். அழுகிற குழந்தை பாட்டி மடியில்தான் இருக்கும்.

குழந்தையின் வாயை மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுங்கள், உடம்பு உங்களுடையது. தேங்காய் எண்ணெயைக் கைச்சூட்டில் வைத்து, மார்பிலிருந்து கால்வரை நீவிவிடுவதை உங்களைப் போல் எந்தச் செவிலியரும் செய்ய முடியாது. காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதும் அப்படித்தான். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். குளிப்பாட்டியதும் வாயால் மூக்கை ஊதுவதும், உள்ளே ஏதோ சிக்கியிருப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பதும் வேண்டாம். சாம்பிராணிப் புகையைக் குழந்தை இருக்கும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தொப்புள்கொடியில் சுட்ட வசம்போ சாம்பலோ வைக்காமல் உலர்ந்தபடி விட்டால் போதும், தானே விழுந்துவிடும். பொட்டு வைக்கத்தான் வேண்டும் என்றால் உள்ளங்காலில் வையுங்கள். கை வாய்க்குப் போகும், கண்ணுக்கும் போகும்.

மாலை மூன்று மணி நேரம் குழந்தையைத் தோளில் போட்டு நடக்க ஒரு வீட்டில் நான்கு தோள்கள் வேண்டும். அதைவிடப் பெரிய மருந்து எதையும் நான் இந்த அழுகைக்குப் பார்த்ததில்லை. பிள்ளை பெற்றவளைப் படுக்கவிட்டு, அந்த நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருதாணி எழுதியது:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்லூர்வாசி சொன்னபடியே எங்கள் ஊர்ச் செவிலியரை வீட்டுக்கு அழைத்தோம். அவர் மருந்தைப் பற்றி எதுவும் பேசாமல், முதலில் பாட்டியைக் குழந்தையைக் குளிப்பாட்டிக் காட்டச் சொன்னார். முழுவதும் பார்த்துவிட்டு, "கழுத்தைப் பிடிக்கும் பக்குவம் எனக்கே இவ்வளவு இல்லை" என்றார். அதன் பிறகுதான் சங்கைக் கையில் எடுத்து, அதன் வளைவுக்குள் விரல் விட்டுத் துடைத்து, விரலில் ஒட்டிய பழுப்பைப் பாட்டியிடம் காட்டினார். பாட்டி நாள்தோறும் வெந்நீரில் கழுவி வைத்த சங்கு அது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் துணி முடிச்சைக் காணோம். கல் மட்டும் அடுப்படியில் இருந்தது. எனக்குப் பூண்டுக் குழம்புக்கு மிளகு நசுக்கிக்கொண்டிருந்தார். சௌபாக்கிய சுண்டி லேகியத்தை அவரே காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு உருட்டித் தருகிறார். அழுகை நிற்கவில்லை. நேற்றும் இரண்டரை மணி நேரம் அழுதாள். ஆனால் ஏழு மணிக்குப் பாட்டி, எட்டு மணிக்கு அப்பா, அதன் பிறகு அம்மா என்று முறை வைத்துக்கொண்டதால் நான் அந்த நேரத்தில் தூங்கிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. முடிச்சில் இருந்த வசம்பை வட்ட வட்டமாக நறுக்கி, கறுப்பு மணியோடு கோத்துக் குழந்தையின் கையில் வளையலாகக் கட்டியிருக்கிறார். வாய்க்குள் கொடுக்கவில்லையே என்கிறார். இதையும் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டுமா?

ஊர்ச்செவிலி எழுதியது:

இன்னும் ஒரு மாதத்தில் அந்தக் கை வாய்க்குள் போகத் தொடங்கும். நூல் ஈரத்தில் நைந்தால் மணி கழன்று தொண்டையில் சிக்கும். குழந்தையின் கை பெருக்கப் பெருக்க நூல் இறுக்கவும் செய்யும். கழற்றித் தொட்டிலின் மேற்கட்டையில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். முடிச்சைப் பாட்டியே போடட்டும். பிறகு நீங்கள் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

உரைகல் எழுதியது:

நூல் வேண்டாம். தொட்டிலில் கட்டுவது என்றால் அரைஞாண் கயிறு வாங்கிக் கட்டச் சொல், மகளே. அதுதான் நைந்து போகாது.